உப்புத்தாள்

என் வீட்டுக்காரருக்குக் கால் என்றால் உயிர். என் கால் அல்ல.

இதைக் கேட்டு யாரும் அவசரப்பட்டு வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. அந்தோணிராஜ் தங்கமான மனுஷன். பாண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். அது மூடியதும் மரக்காணத்துக்கே திரும்பி வந்து, முன்னறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, மீன் பிடிக்கிற ராடு செய்கிறார். கடலுக்குப் போகிறவர்களுக்கு அல்ல. கழிமுகத்தில் மணிக்கணக்காக நின்று ஒற்றைத் தூண்டிலில் கொடுவாய் மீனைப் பிடித்து, அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்கு. பிடித்ததை விடுவதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று நான் கேட்பேன். அவர் சிரிப்பதோடு சரி.

ராடு என்றால் நீளமான ஒரு கம்பு, அதன் மேல் வரிசையாக வளையங்கள். நைலான் நரம்பு அந்த வளையங்களுக்குள்தான் ஓடும். ஒவ்வொரு வளையத்துக்கும் தட்டையாக ஒரு கால் உண்டு. அந்தக் காலைக் கம்பின் மேல் வைத்து நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும். கடையிலிருந்து வரும்போது காலின் முனை மொட்டையாகவும் ஓரம் கூராகவும் இருக்கும். அப்படியே கட்டினால், கம்பிலிருந்து காலின் மேல் ஏறுகிற இடத்தில் நூல் இடறும். நாளடைவில் அந்த ஓரமே நூலை அறுத்துவிடும். பெரிய மீன் இழுக்கும்போது வளையம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் முனையைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். உப்பளத்துக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் கண் விழித்ததிலிருந்து கால் பேச்சுத்தான். இந்தக் கால் சரியில்லை, அந்தக் கால் பரவாயில்லை, இன்றைக்கு நாலு கால் முடிந்தது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

தேய்த்து முடித்ததும் ஒரு துண்டுப் பட்டுநூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அந்தக் காலின் மேல் மெதுவாக இழுப்பார். நூல் மாட்டினால் மறுபடி தேய்ப்பு. மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார். யாரையும் பார்த்து அல்ல, தனக்குத்தானே. கல்யாணமான நாளிலிருந்து என் மீன் குழம்புக்கு அப்படி ஒரு தலையாட்டல் விழுந்ததில்லை. அதன் மேல் எனக்குப் பொறாமை. பொறாமை என்ன, ஏக்கம் என்றே சொல்லலாம்.

நான் ஆரோக்கியசெல்வி. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். இருட்டு பிரிவதற்குள் பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் கரையேறிவிடுவோம். பாத்தியில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் முழு வானமும் கிடக்கும். குனிந்து பலகையை இழுத்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் எது மேல் எது கீழ் என்று பிடிபடாது. மேகத்தைத்தான் வாரிக் குவிக்கிறோமோ என்று தோன்றும். என்னோடு வேலை செய்கிற பாப்பாத்தி அக்கா என்னைத் தூங்குமூஞ்சி என்பாள். நான் அங்கே தூங்கவில்லை, முழுசாக விழித்திருக்கவும் இல்லை. அவ்வளவுதான்.

அந்த வானம் தூக்கத்திலும் கூடவே வரும். எனக்கு அடிக்கடி வருகிற கனவு ஒன்று உண்டு. பாத்தியின் மேல் நடக்கிறேன். கீழே மேகம் போகிறது. திடீரென்று ஏதோ ஒன்று என் குதிகாலைப் பிடித்து நிறுத்துகிறது. இழுக்கிறேன், விடமாட்டேன் என்கிறது. பயம் வருகிறது. பிறகு யாரோ விட்டுவிடுகிறார்கள். விட்டதும் உடம்பே லேசாகி, உப்பும் தண்ணீரும் தொடாமல் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். பாப்பாத்தி அக்காவிடம் சொன்னேன். உனக்குப் பித்தம், இஞ்சி சாறு குடி என்றாள்.

பித்தம் இருக்கிறதோ இல்லையோ, வெடிப்பு இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்ற கால் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கால் தடித்துக் காய்ந்து, குதிகால் நெடுகப் பிளந்திருக்கும். நடக்கும்போது சேலைக்கரை மாட்டும், படுத்தால் போர்வை மாட்டும். எங்கள் அளத்தில் எல்லாப் பெண்களுக்கும் இதே கால்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்தத் தவக்காலத்தில்தான் அதற்கு ஒரு வேளை வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று எங்கள் கோயிலில், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்த மாதிரி, ஃபாதர் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார். கோயிலில் அதற்குப் பாதம் என்று பெயர். எப்போதும் ஆண்கள்தான் உட்காருவார்கள். போன வருஷம் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். நாற்காலியை விட்டு இறங்காதவர் கால் அது. கழுவுவதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. இந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர், பன்னிரண்டில் பாதி பெண்கள் என்று சொல்லிவிட்டார். பூசை முடிந்து பெயர் வாசித்தபோது என் பெயரும் வந்தது.

எனக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ந்துபோனது. ஊரே பார்க்க, பீடத்துக்கு முன்னால், வெள்ளை உடுப்புப் போட்ட மனுஷர் மண்டியிட்டு என் காலைக் கையில் எடுக்கப் போகிறார். இந்தக் காலை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. கழுவட்டுமே என்று உள்ளே ஒருத்தி ஆசைப்பட்டாள். யார் என் காலைக் கழுவியிருக்கிறார்கள், அம்மாவைத் தவிர? வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் ஒரு வளையத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றார்.

பெரிய வியாழனுக்கு முன்னால் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம். அளத்திலிருந்து வந்து, கஞ்சி குடித்து, உள்ளறையில் படுத்திருந்தேன். வெயில் ஓட்டின் வழியாக இறங்கித் தரையில் கிடந்தது. பாதித் தூக்கத்தில் மறுபடி பாத்தியில் நடக்கத் தொடங்கியிருந்தேன். எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி அவர் குரல் கேட்டது. குயிலாப்பாளையத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிற சதீஷோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கால் ரொம்ப கரடுமுரடா இருக்குதுப்பா. ஓரமெல்லாம் நூல் மாட்டுது, பாக்கவே கஷ்டமா இருக்குது. நைசா தேய்க்கிறதுக்கு ஏதாவது நல்லதா பாத்து அனுப்பு. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

இதில் நான் என்ன தப்பாகப் புரிந்துகொண்டேன், சொல்லுங்கள். கரடுமுரடு, நூல் மாட்டுது, வியாழக்கிழமை. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அது கனவாகிவிடுமோ என்று பயம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி கிடந்தேன். அந்த "ம்" வெறும் "ம்" அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் நடந்து கடக்கவில்லை, மிதந்து கடந்தேன். பாத்தியில் இறங்கினால் தண்ணீர் வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது. குனியும்போது என் கால் வானத்துக்குள் நிற்பது தெரிந்தது. அதைப் பார்த்து, பொறு, உனக்கு ஒரு சாமான் வருகிறது என்று சொன்னேன். பாப்பாத்தி அக்கா யாரோடு பேசுகிறாய் என்றாள். என் வீட்டுக்காரர் என் காலுக்காகக் குயிலாப்பாளையத்திலிருந்து சாமான் வரவழைக்கிறார் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் அதை வரப்பு வரப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மத்தியானத்துக்குள் அளத்தில் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

வீட்டில் நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகக் கொடுக்கட்டும் என்று இருந்தேன். அவர் பாட்டுக்கு ராடு வேலையில் இருந்தார். ஈஸ்டர் லீவுக்கு வருகிறவர்களுக்காக ஒரு ராடு வியாழக்கிழமை சதீஷ் கடைக்குப் போக வேண்டுமாம். வளையக் காலைத் தேய்க்க ஒரு கருவியும் ஒத்துவரவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். பழைய அரத்தில் தேய்த்தால் வரிவரியாக விழுந்தது. வெல்டிங் பட்டறைக்குப் போய் மெஷின் கல்லில் பிடித்துப் பார்த்தார். சூடு ஏறி, வளையத்துக்குள் இருக்கிற வழுவழுப்பான பீங்கான் கழன்று உருண்டு ஓடிவிட்டது. அதைக் கட்டிலுக்கு அடியில் தேடினோம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

திங்கட்கிழமை பார்சல் வந்தது. அவர் நூல் வாங்க வெளியே போயிருந்தார். பிரிக்கக் கூடாது என்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன், வீட்டைக் கூட்டிப் பார்த்தேன், பிறகு பிரித்துவிட்டேன். சின்ன உறைக்குள் தட்டையாக ஒரு பட்டை, கைப்பிடியோடு. முகம் முழுக்க மினுமினுவென்று பொடி. உறையில் டைமண்ட் என்று எழுதியிருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். என் மூக்குத்தியில் இருப்பதே வெறும் வெள்ளைக் கல். காலுக்கு வைரம் வந்துவிட்டது.

வெந்நீர் வைத்துக் காலை ஊறவிட்டு, பின்வாசலில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். எப்படிச் சொல்வது அந்தச் சுகத்தை! இழுக்க இழுக்க வெள்ளையாக மாவு உதிர்ந்தது. உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாக ஒரு தோல் எட்டிப் பார்த்தது. என் காலுக்கு அடியில் இப்படி ஒரு கால் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. வெடிப்பை எடுத்தேன், தடிப்பை எடுத்தேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன். பின்வாசல் வெயிலில் அந்த மாவு மினுங்கியது. இதையும் பாத்தியில் போட்டால் உப்பாகிவிடும் என்று நினைத்துச் சிரித்தேன்.

அந்தோணிராஜ் வந்து நின்றது தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றேன்.

"செல்வி, அது ராடுக்கு வந்தது," என்றார். "வளையத்து கால் தேய்க்கிறதுக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னைக் குத்தியது. தெரியும் தெரியும், சும்மா தேய்த்துப் பார்த்தேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, என் கால் மாவை அதிலிருந்து தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. சிரிப்புக்குரிய விஷயம்தான், ஆனாலும் அழுதேன்.

மறுநாள் பாத்தியில் கால் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் உயிரே போய்விட்டது. தண்ணீரா தீயா என்று தெரியவில்லை. உப்பு அந்தப் புதுத்தோலுக்குள் இறங்கிக் கடித்தது. கரைக்கு ஓடி வந்து உட்கார்ந்துகொண்டேன். பாப்பாத்தி அக்கா என் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுதான் உன் வீட்டுக்காரர் வரவழைத்த சாமானா என்று கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"தோலை ஏன்டி எடுத்த? அதுதான்டி நமக்கு செருப்பு," என்றாள்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வெள்ளை வெயில். இரண்டு பக்கமும் உப்புக் குவியல் கண்ணைக் கூசவைத்தது. அன்றைக்கு வானம் வானத்தில் இருந்தது, தண்ணீர் தண்ணீரில் இருந்தது, எதுவும் எதற்குள்ளும் இல்லை. ஒரு மனுஷி காலைப் பற்றி ஒரு மனுஷர் பேசினார் என்று நம்பியதற்கு இவ்வளவு தண்டனையா என்று இருந்தது.

அவர் ராடு கட்டிக்கொண்டிருந்தார். நூல் சுற்றும்போது பாதியில் கையை எடுக்க மாட்டார். வாசலில் யார் வந்து நின்றாலும் எடுக்க மாட்டார். எடுத்தால் சுற்றியதெல்லாம் தளர்ந்துவிடும். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க. என் பேரை எடுத்துடச் சொல்லுங்க. நான் வரல."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு நான் வந்த வழியைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் என் கால் பதிந்த இடமெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் லேசாகச் சிவப்பு. அவர் நூலை விட்டுவிட்டார். கம்பு தானாக உருண்டு, சுற்றியிருந்த நூல் அவிழ்ந்து அவிழ்ந்து தரையில் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். நல்ல தண்ணீர் கொண்டுவந்து உப்புப் போகக் கழுவினார். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு மேசையில் இருந்த சாமான்களை எடுத்துத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய அரத்தை எடுத்துக் கீழே வைத்தார். குளியலறையிலிருந்து கால் தேய்க்கிற கல்லைக் கொண்டுவந்தார். அதையும் முகர்ந்து பார்ப்பது போல் பார்த்துவிட்டு வைத்தார். வைரப் பட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். தலையை இல்லை என்று அசைத்து, அதையும் தள்ளினார். கடைசியில் உப்புத்தாள் கட்டைப் பிரித்தார். மரம் தேய்க்கிற அந்தச் சொரசொரப்புத் தாளுக்கு யார் இந்தப் பெயர் வைத்தார்களோ தெரியாது. புதுத் தாளை விட்டுவிட்டு, தேய்த்துத் தேய்த்து மழுங்கின ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்து, ராடு கைப்பிடிக்குப் போடுகிற தக்கையில் சுற்றிக்கொண்டார். என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"நீ காலையே தின்னுட்ட," என்றார். "மாட்டுறதை மட்டும்தான் எடுக்கணும். மிச்சம் இருக்கட்டும். அதுலதான் நிக்குது."

வளையத்தைப் பற்றித்தான் சொன்னாரா, என்னைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் புண்ணின் பக்கமே போகவில்லை. நான் தேய்க்காமல் விட்ட இடத்தில், குதிகாலின் வெளி ஓரத்தில், பின்னால் திரும்பினால்கூட எனக்கே தெரியாத ஒரு வெடிப்பு. அவர் பார்க்காமலே விரலை நேராக அங்கே வைத்தார்.

"அங்க இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போர்வை அங்கதான் மாட்டுது. தூக்கத்துல நீ இழுப்ப, அது வராது, அழுவுற மாதிரி முனகுவ. நான் எடுத்து விடுவேன்."

"எப்போ?"

"தினமும்தான்."

பாத்தியின் மேல் நடந்து நடந்து, ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தி, யாரோ விட்டுவிட்டு, மேகத்துக்கு மேலே நான் பாட்டுக்குப் போனேனே, அந்த யாரோ எனக்கு எதிரே உட்கார்ந்து மழுங்கின உப்புத்தாளால் என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இதை இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாவது கனவை இவரிடம் சொல்லியிருக்கலாம். பாப்பாத்தி அக்காவிடம் போய்ச் சொன்னேன், இஞ்சி சாறு கிடைத்தது.

அன்றும் மறுநாளும் அவர் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், பட்டுநூலை எடுத்துக் குதிகாலின் மேல் இழுப்பார். மாட்டும். மறுபடி கொஞ்சம். நான் அளத்துக்குப் போகவில்லை. மத்தியான வெளிச்சத்தில், கால் அவர் மடியிலும் தலை சுவரிலுமாகத் தூங்கிவிடுவேன். அந்தச் சர்ர் சர்ர் சத்தம் தூரத்தில் யாரோ உப்பு வாருகிற சத்தமாகக் கேட்கும். தடிப்பை அவர் எடுக்கவே இல்லை. கறுப்பும் போகவில்லை. பார்க்க அதே உப்பளத்துக் கால்தான்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நூலை ஒரு தடவை இழுத்தார். கொஞ்சம் மாட்டினாற்போல் இருந்தது. இன்னும் இருக்குது என்று உப்புத்தாள் துண்டைத் தேடினார். அதற்குள் சதீஷ் ராடு எங்கே என்று போன் பண்ணிவிட்டான். அவிழ்ந்த நூல் அவிழ்ந்தபடியே கிடந்தது. சனிக்கிழமை தருகிறேன், சத்தம் போடாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிறகு கோயிலுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது.

சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலி. நான் கடைசிக்கு முந்தினவள். பாதி ஊர் என் காலைப் பார்ப்பதாகவே தோன்றியது. அளத்துப் பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஃபாதர் மண்டியிட்டு வந்துகொண்டே இருந்தார். என் முறை வந்தது. வலது காலை நீட்டினேன். தண்ணீர் ஊற்றினார். நல்ல தண்ணீர், கடிக்கவில்லை. பிறகு துண்டை எடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், புத்தம் புதிய டர்க்கி டவல். முகமெல்லாம் வளைய வளையமாக நூல். நிச்சயம் மாட்டும். இழுப்பார், வராது, இந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

துண்டு குதிகாலைச் சுற்றிக்கொண்டு போனது. வெளி ஓரத்துக்கு வந்தது. வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது.

நான் நிமிர்ந்து ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபாதரையும் பார்க்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒரு நூலைப் பிடித்திருந்தன. துண்டு என் காலை விட்டு இறங்கியதும் விரலைப் பிரித்தார். ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார்.